ராமனும் வைரத்தின் அழுக்கும்

சி.வி. ராமனைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1930-லேயே நின்றுவிடுகிறார்கள். கப்பல், நீலக்கடல், நோபல், சுபம். அதற்குப் பிறகு பெங்களூரில் அவர் வைரங்களோடு பல வருஷம் மல்லுக்கட்டினார். அங்கே அவர் தோற்றார். எனக்கு அந்த ராமன்தான் முக்கியம்.

புற ஊதா ஒளி பட்டால் சில வைரங்கள் நீலமாக ஒளிரும், சில பச்சையாக, சில சும்மா கிடக்கும். காரணம் கலப்படம் என்றார்கள் மற்றவர்கள். ராமன் ஒப்பவில்லை. அது வைரத்தின் படிக அமைப்புக்கே உரிய குணம் என்றார்.

அந்தப் பிடிவாதம் எனக்குப் புரியாமலில்லை. விஸ்வநத்தத்துக்காரனுக்குக் கலப்படம் என்றாலே பயம். பட்டாசு மருந்தில் கொஞ்சம் மணல் சேர்ந்தாலும் உரசலில் பற்றிக்கொள்ளும். அதனால்தான் சலிக்கிறார்கள். ஆனால் வைரம் பட்டாசு இல்லையே.

பல வைரங்களில் நைட்ரஜன் இருப்பதை 1959-ல் கைசரும் பாண்டும் காட்டினார்கள். ஒரு காலி இடத்தைச் சுற்றி மூன்று நைட்ரஜன் அணுக்கள்: அந்த நீல ஒளி பெரும்பாலும் இந்தப் பழுதிலிருந்து வருவது. இதன் உறவுக்காரப் பழுது ஒன்று உண்டு. அதில் ஒரே ஒரு நைட்ரஜன், பக்கத்தில் ஒரு காலி இடம். பச்சை லேசர் அடித்தால் சிவப்பாக ஒளிரும். அதன் எலக்ட்ரான் எந்தச் சுழற்சி நிலையில் இருக்கிறது என்பதை ஒளியின் அளவே சொல்லிவிடும், அதுவும் அறை வெப்பநிலையில். 1997-ல் ஜெர்மன் ஆய்வாளர்கள் இதைத் தனித்தனியாகப் பார்த்தார்கள். 2015-ல் டெல்ஃப்டில் 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு வைரப் பழுதுகளைக் குவாண்டம் முறையில் பிணைத்துக் காட்டினார்கள். நைட்ரஜன் சுத்தமாக இல்லாத வைரத்தில் இந்த வேலை நடக்காது.

ராமனின் கோட்பாடு விழுந்தாலும் அவருடைய ஆய்வகத்தின் அளவீடுகள் நின்றன. அவற்றில் பலவற்றை எடுத்தவர் அன்னா மணி. முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்கள்; ஒரு நிறமாலையைப் பதிய 15 முதல் 20 மணி நேரம். 1945-ல் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். எம்.எஸ்சி. இல்லை என்று முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. மறுத்தவர் ராமன் இல்லை, பல்கலைக்கழக விதி. ஆனாலும் இந்தத் 'தகுதி'யும் ஒருவகைத் தூய்மைக் கோட்பாடுதான். நம் ராமன் கட்டுரைகளும் அதையே செய்கின்றன. தோல்வியையும் மணியையும் சலித்து எடுத்துவிட்டு, மிச்சத்தை மேதை என்கின்றன.

அந்த ஆய்வேடு ராமன் ஆய்வு நிறுவன நூலகத்தில் மற்றவற்றோடு பைண்டு செய்யப்பட்டு இருப்பதாக அபா சூர் எழுதியிருக்கிறார். ராமனைப் பற்றி அடுத்து எழுதப்போகிறவர் முதலில் அதைப் பிரித்துப் பார்க்கட்டும்.