ஒரு பகல் தூரம்

தேசத்தைக் கூறுபோடுகிறவர் மக்களின் பழக்கத்தைப் பார்த்துக் கோடு கிழிப்பதா, கணக்கைப் பார்த்துக் கிழிப்பதா என்ற விவாதம், 1789ஆம் ஆண்டின் இறுதியில் பிரெஞ்சு தேசிய சபையில் நடந்ததுபோல் அவ்வளவு வெளிப்படையாக நடந்தது அபூர்வம். வரி வசூலுக்கு ஓர் எல்லை, நியாயஸ்தலத்துக்கு வேறோர் எல்லை, சேனைக்கு ஒன்று, திருச்சபைக்கு இன்னொன்று என்று எல்லைகள் பின்னிக் கிடந்த அந்நாட்டில், பிரித்தானி மாகாணத்தில் வரியின்றி விற்ற உப்பு, பக்கத்து மேன் மாகாணத்துக்குள் கால்வைத்ததும் பன்மடங்கு விலையேறிற்று. உப்புக் கடத்தலே பலருக்கு ஜீவனோபாயமாயிற்று.

இச்சிக்கலை ஒரே வீச்சில் அறுத்துவிட விரும்பிய சபை உறுப்பினர் தூரே, பக்கத்துக்குப் 18 லீக், அதாவது 70 கிலோமீட்டருக்குச் சற்று மேல், நீளமுள்ள 80 சதுரங்களாகத் தேசத்தை வகுத்து, பாரிஸைத் தனியே நிறுத்தும் யோசனையைச் சபையின்முன் வைத்தார். ஆறும் மலையும் அளவுகோலுக்கு வளைந்து கொடுக்குமா என்ன! ஜனத்தொகையையும் உள்ளூர் நிலவரத்தையும் பார்க்க வேண்டும், 120 பிரிவுகள் வேண்டும் என்று மற்றோர் உறுப்பினரான மிராபோ வாதாடினார். முடிவில் 1790இல் பிறந்தவை தெபார்த்மான் என்னும் 83 பிரிவுகள். சதுரம் போயிற்று, மாகாணப் பெயர்களும் போய், ஆறுகளின் பெயரும் மலைகளின் பெயரும் வந்தன.

குடிமகன் எவனும் குதிரையேறி ஒரு பகலுக்குள் தன் தலைமை ஊரை அடைந்துவிட வேண்டும் என்று அன்று கொண்ட அளவை நான் பெரிதும் மெச்சுகிறேன். ஆள்கிறவனின் வசதியை விட்டு, மனுவும் கையுமாக அலைகிறவனின் சிரமத்தை நினைத்துப் போட்ட எல்லை அது. ஆனால் 1800இல் நெப்போலியன் ஒவ்வொரு தெபார்த்மானுக்கும் பாரிஸிலிருந்து பிரெஃபே என்னும் ஓர் அதிகாரியை நியமித்தபின், கச்சேரி அருகில் இருந்ததே தவிர, அதிகாரம் அருகில் இல்லை. 1982இன் சட்டம் நிர்வாகப் பொறுப்பைத் தேர்ந்தெடுக்கப்பட்டோர் கைக்கு மாற்றும்வரை, ஏறக்குறைய 180 ஆண்டுகள், இக்குறை நீடித்தது. எல்லையின் பழுது என்று பலர் சொல்லுவது பெரும்பாலும் இந்த நியமனத்தின் பழுதே என்பது என் கட்சி. எல்லையின் சொந்தப் பழுது வேறு: குதிரை போய் ரயில் வந்து, மக்கள் நகரங்களில் குவிந்தபின், 25 லட்சம் பேருக்கு மேல் வாழும் நோர் தெபார்த்மானும் ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டும் கிரேஸும் ஒரே அந்தஸ்தில் நிற்கின்றன.

மாகாண அபிமானத்தை அழிக்கப் பிறந்த இப்பிரிவே நாளடைவில் அபிமானத்துக்குப் பாத்திரமாயிற்று என்பது வேடிக்கை. 2009இல் வந்த புதிய வாகனப் பலகையிலிருந்து தெபார்த்மான் எண்ணை நீக்கிவிடலாம் என்றெண்ணிய அரசாங்கம், எழுந்த கூக்குரலுக்குப் பணிந்து அதை வைத்துக்கொண்டது. பழைய மாகாணமும் முற்றாக மடியவில்லை. 2016இல் பெரியதொரு பிராந்தியத்துள் கரைக்கப்பட்ட அல்சாஸ், 2021இல் தன் இரு தெபார்த்மான்களையும் இணைத்துக்கொண்டு, அப்பெயருடனேயே மீண்டும் எழுந்தது.

நாகப்பட்டினம் சீமைக்கு நடுவே காரைக்கால் புதுச்சேரியின் உடைமையாய் இருப்பதைக் கண்டு பழகிய நமக்கு, பழைய எல்லையொன்றின் எச்சமான வல்ரெயாஸ் என்னும் ஊர் வியப்பளிக்காது. முன்பு போப்பாண்டவரின் நிலமாயிருந்த அவ்வூர், நாற்புறமும் துரோம் தெபார்த்மான் சூழ்ந்திருக்க, இன்றும் வோக்லூஸைச் சேர்ந்ததாகவே இருக்கிறது.