முன்பண நோட்டில் மட்டும் இருக்கும் தொழிலாளி

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் குடும்பமாகத் தொழில் நடத்துகிற பலரிடம் ஒரு நோட்டு மட்டும் பிசகில்லாமல் இருக்கும். அது முன்பண நோட்டு. யார், எந்தத் தேதியில், எவ்வளவு வாங்கினார், சனிக்கிழமைச் சம்பளத்தில் எவ்வளவு பிடித்தது, பாக்கி எவ்வளவு என்பதெல்லாம் பைசா சுத்தமாக எழுதியிருப்பார்கள். அதே ஆள் என்றைக்கு வேலைக்குச் சேர்ந்தார் என்று கேட்டால், "எங்க மூத்தவன் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம்" என்றுதான் பதில் வரும். தொழிலாளி முதலாளிக்குத் தர வேண்டியது எழுத்தில் இருக்கிறது. முதலாளி தொழிலாளிக்குத் தர வேண்டியது நினைவில் இருக்கிறது. நம் ஊர்க் குடும்பத் தொழில்களின் ஆள் நிர்வாகத்தில் எனக்குத் தெரிந்த பெரிய குறை இதுதான்.

இந்த வட்டாரத்தில் எல்லா அளவிலும் தொழில் உண்டு. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் போன்ற பெரிய ஆலைகளில் சேர்ந்த தேதியும் வருகையும் ஊதியமும் ஏட்டில் ஏறியாக வேண்டும்; சட்டம் அப்படி. பக்கத்திலேயே சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்கிற விசைத்தறிக் கூடங்கள் இருக்கின்றன. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைக் கிண்டுகிற அடுப்படிகள் இருக்கின்றன. நான் பேசுவது இந்தச் சிறிய இடங்களைப் பற்றி.

எழுதாமலே நடத்துகிற இந்த முறைக்கு உண்மையான பலம் உண்டு. தறிகாரர் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, எந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்பது முதலாளிக்குத் தெரியும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது கேட்காமலே பணம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வட்டியில்லாத அந்தப் பணம் எத்தனையோ குடும்பங்களைக் கந்துவட்டியிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. ஆடிப்பூரத் தேருக்கு லீவு கேட்க யாரும் விண்ணப்பம் எழுத வேண்டியதில்லை. பால் எந்தப் பதத்தில் சுருள்கிறது, தீயை எப்போது தணிக்க வேண்டும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்கிற அடுப்படி ஆளின் மதிப்பை எந்தப் படிவமும் பிடித்துவிடாது. கூடவே நிற்கிற முதலாளிக்கு அது தெரியும். பெரிய நிறுவனங்களின் மனிதவளத் துறைகள் பாடுபட்டுத் தேடுகிற நெருக்கம் இங்கே இயல்பாகவே இருக்கிறது.

ஆனால் அந்த நெருக்கம் ஒரு மனிதரின் தலைக்குள் இருக்கிறது. அவர் படுத்துவிட்டால், அல்லது பொறுப்பு மகன் கைக்கு வந்தால், மிஞ்சுவது முன்பண நோட்டு மட்டும். இருபது வருடம் தறி ஓட்டியவர் மகனுடைய கண்ணுக்கு நாற்பதாயிரம் பாக்கி வைத்திருப்பவராகத் தெரிகிறார். அப்பா வாய்வார்த்தையாகக் கொடுத்த வாக்குகளுக்கு ஏடு இல்லை. மகன் கெட்டவனாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நோட்டு சொல்வதைத்தான் அவன் படிக்கிறான்.

அந்த இருபது வருடத்தின் விலையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்தாண்டு முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு என்பது 1972 முதல் இருக்கும் உரிமை. ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியம், மாதத்தை 26 நாளாகக் கொண்டு. மாதம் 12,000 ரூபாய் வாங்குபவருக்கு இருபது ஆண்டுக்கு ஏறத்தாழ 1,38,000 ரூபாய் வருகிறது. மீட்டர் கணக்கில் கூலி வாங்கும் தறிகாரருக்கும் கடைசி மூன்று மாதச் சராசரியை வைத்து இது உண்டு. ஆண்டில் 240 நாள் வேலை செய்தார் என்று காட்டத்தான் வருகை ஏடு வேண்டும். நெய்த மீட்டர் மட்டும் எழுதுகிற கூடத்தில் நாள் காணாமல் போகிறது.

இஎஸ்ஐயிலும் நாள்தான் பேசும். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்காவது சந்தா கட்டியிருந்தால்தான் நோய்க்கால உதவித்தொகை கிடைக்கும். மகப்பேறு உதவிக்கு முந்தைய இரண்டு காலங்களில் சேர்த்து 70 நாள் வேண்டும். ஒரு பெண் எண்பது நாள் வேலை செய்திருக்க, ஏட்டில் அறுபது நாள் மட்டும் ஏறியிருந்தால் அவள் இழப்பது 26 வாரச் சம்பளம். ஏட்டைச் சோம்பலாக எழுதியவர் அதைத் திருட்டு என்று நினைத்திருக்க மாட்டார். இழப்பு என்னவோ அதே இழப்புதான்.

முன்பணத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. பாக்கி தீராமல் வேறு தறிக்குப் போகக்கூடாது என்று சொல்லும் நொடியில் அது உதவியாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் குறிவைத்தது அந்தப் பிணைப்பைத்தான். நல்ல மனதோடு கொடுத்த பணம் என்பது அங்கே பதிலாகாது.

ஏன் எழுதத் தயங்குகிறார்கள்? பத்து என்ற எண்ணும் இருபது என்ற எண்ணும்தான் காரணம். பத்துப் பேர் ஆனால் இஎஸ்ஐ, இருபது பேர் ஆனால் பிஎஃப். அதனால் ஒரு கூடம் அப்பா பெயரில், அடுத்தது மகன் பெயரில், இன்னொன்று மனைவி பெயரில் நடக்கிறது. நிர்வாகமும் பணமும் ஒன்றுதான் என்று தெரிந்தால் சட்டம் அவற்றைச் சேர்த்தே எண்ணும். பழைய பாக்கி அபராதத்தோடு வரும். லாபம் மெலிந்த தொழிலில் இந்தச் செலவு சுமை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சுமையைத் தொழிலாளியின் முதுமைக்கு மாற்றிவிடுவது நியாயமான வழியல்ல. வீட்டுக்குள்ளும் இதே கதைதான். காலை முதல் இரவு வரை கல்லாவையும் கணக்கையும் பார்க்கும் மருமகளின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. பாகம் பிரிக்கும் நாளில் அவள் உழைப்புக்குச் சாட்சி இல்லை.

ஏடு இருந்தால் மட்டும் போதும் என்பதும் இல்லை. ஆய்வாளருக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று இரண்டு வைத்தால் இரண்டுமே பயனில்லை. நம்மூரில் இனிஷியல் ஒரு தனித் தொல்லை: கல்யாணத்துக்கு முன் அப்பாவின் எழுத்து, பின் கணவரின் எழுத்து. ஆதாரில் ஒன்றும் பிஎஃப் கணக்கில் ஒன்றுமாக இருந்தால் வேலையை விட்ட பிறகு பணம் எடுக்க அலைய வேண்டியதுதான். சேரும் நாளில் ஆதாரைப் பார்த்து எழுத இரண்டு நிமிடம் ஆகும். மூலச் சான்றிதழை வாங்கிப் பூட்டி வைப்பது பதிவாகாது, அது பிணைதான். உடனே விட வேண்டிய பழக்கம்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நியமனக் கடிதத்தை முதலாளியின் கடமையாக்கியிருக்கின்றன. சிறிய கூடத்துக்கு இதற்காகக் கம்ப்யூட்டர் தேவையில்லை. முன்பணம் எழுதும் அதே பக்கத்தில் சேர்ந்த தேதி, மாதந்தோறும் வேலை செய்த நாள், ஊதியம், இஎஸ்ஐ எண் ஆகியவற்றைச் சேர்த்து, இருவரும் கையெழுத்திட்டு, ஒரு நகலைத் தொழிலாளியிடம் கொடுத்தால் போதும். பணிக்கொடையை ஒரே தொகையாகப் பார்த்துப் பயப்படுகிறவர்கள், 12,000 ரூபாய்க்காரருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 6,900 ரூபாய் என்று தனியே ஒதுக்கலாம். இதற்கென்றே எல்ஐசியில் குழுத் திட்டம் இருக்கிறது. தீபாவளி போனஸ் கணக்குப் போடும் அதே வாரத்தில் இதையும் கட்டிவிடலாம்.