மேலே மிதக்கும் சிவப்பு

காரமான சீன மாட்டிறைச்சி நூடுல்ஸ் சூப் கிண்ணத்தில் வந்ததும் முதலில் கவனிக்க வேண்டியது மேலே மிதக்கும் எண்ணெயை. மிளகாய்த்தூள் கரைந்து சாறு முழுக்கக் கலங்கிச் சிவந்திருந்தால் சமைத்தவர் அவசரப்பட்டிருக்கிறார். எண்ணெய் தெளிந்து, சிறு சிறு வட்டங்களாகப் பிரிந்து, அந்த வட்டங்களுக்கு நடுவே அடியிலுள்ள கபில நிறச் சாறு தெரிந்தால் தைரியமாகக் கரண்டியை எடுக்கலாம்.

தமிழ்க் கைக்கு இது லேசில் பிடிபடாது. நம்முடையது கறித்தூளுக்குப் பழகிய கை. யாழ்ப்பாணத்துக் குசினியில் செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு எல்லாம் வறுபட்டு, இடிபட்டு, ஒரே தூளாகிக் குழம்பில் கரைகின்றன. சரக்கு எது, குழம்பு எது என்று பிரிக்க முடியாமல் போவதுதான் அங்கே கைப்பக்குவம். இந்தச் சூப்பிலோ சரக்கு முழுதாக உள்ளே போகும், மணத்தைக் கொடுக்கும், வடிகட்டும்போது வெளியேறிவிடும். உறைப்பு எண்ணெயின் பங்கு. உப்பும் இறைச்சியின் சாரமும் தண்ணீரின் பங்கு. இரண்டும் கிண்ணத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்து, உறிஞ்சும்போது வாய்க்குள்தான் கலக்கின்றன. மிளகாயின் எரிப்பைத் தருகிற கப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும் என்பதை விஞ்ஞானம் சொல்வதற்கு முன்பே யாரோ நாக்கால் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

சிச்சுவான் உறைப்பு என்று உலகம் கொண்டாடும் இந்தச் சூப், இன்றைய வடிவத்தில் சிச்சுவானில் பிறக்கவில்லை. 1949இல் உள்நாட்டுப் போரில் தோற்ற தேசியவாதப் படையினர் குடும்பங்களோடு தைவானுக்கு ஓடினார்கள். விமானப்படைப் பயிற்சிக் கல்லூரி தீவின் தெற்கே காவோசியுங் அருகிலுள்ள காங்ஷானில் அமைந்தது. அதைச் சுற்றிய படைக்குடியிருப்புகளில் இருந்த சிச்சுவான்காரர்கள், ஊரில் விட்டுவந்த காரப் பயற்று விழுதைப் புதிய மண்ணில் புளிக்க வைக்கத் தொடங்கினார்கள். செங்டுவில் சிறு கிண்ணத்தில் பரிமாறும் செஞ்சாற்று மாட்டிறைச்சி ஒன்று உண்டு. அதோடு நூடுல்ஸ் சேர்ந்த இடம் காங்ஷானாக இருக்க வேண்டும் என்பது வரலாற்றாசிரியர் லூ யாவோதுங்கின் கருத்து. 1950களிலும் 60களிலும் அமெரிக்க உதவியாகக் கோதுமை வந்திறங்கியதில் நூடுல்ஸ் மலிவாயிற்று. உழவு மாட்டுக்கு நன்றிக்கடன் என்று மாட்டிறைச்சியைத் தொடாத உழவர் வீடுகள் நிறைந்த தீவு அது. அங்கே அகதிகள் சமைத்த மாட்டிறைச்சிக் கிண்ணம் இன்று தேசிய உணவுபோல ஆகிவிட்டது. 2005 முதல் தைப்பேயில் அதற்கென விழாவே எடுக்கிறார்கள். ஊரை விட்டு வந்தவர்கள் கிடைத்ததை வைத்து ஊர்ச் சுவையைத் தேடிய சமையல் இது. ஆகவே ஒஸ்லோவில் ஒரு தமிழர் இதைச் சமைப்பதில் முறைகேடு ஒன்றும் இல்லை என்பது என் துணிவு.

ஒஸ்லோவில் இதற்கான சந்தை குரூன்லாண்ட். ஹலால் இறைச்சிக் கடைகளும் ஆசிய மளிகைக் கடைகளும் நடை தூரத்தில் இருக்கின்றன. பின்மார்க்கின் மீன் ஆலைகளில் வேலை செய்துவிட்டுத் தெற்கே இறங்கி, குரூருட் பள்ளத்தாக்கின் அடுக்குமாடிகளில் குடியேறிய நம்மவர்களுக்கும் இந்தத் தெரு புதிதல்ல. கறிவேப்பிலைக்கும் முருங்கைக்காய்க்கும் போகிறவர் அதே நடையில் சிச்சுவான் மிளகையும் உப்பிலிட்ட கடுகுக்கீரையையும் வாங்கிவிடலாம். சிக்கல் அரிசி மதுவில்தான். ஷாவோசிங் மதுவைத் தேடினால் நோர்வேயின் சட்டம் குறுக்கே நிற்கும். 4.7 விழுக்காட்டுக்கு மேல் மதுசாரம் உள்ள எதையும் அரசின் வின்மொனோபோலே கடைதான் விற்கலாம். அது சனிக்கிழமை பிற்பகலில் கதவைச் சாத்தினால் திங்கள்வரை திறக்காது. ஞாயிறு சமைக்க நினைப்பவர் வெள்ளிக்கிழமையே யோசித்திருக்க வேண்டும். ஷாவோசிங் இல்லாவிட்டால் இனிப்பில்லாத ஷெரி போதும். வித்தியாசம் உண்டு, ஆனால் சண்டை போடும் அளவுக்கு இல்லை.

சமரசம் செய்யக் கூடாதது விழுதில். செங்டுவுக்கு வடமேற்கே உள்ள பீசியான் என்ற ஊரின் தௌபன்ஜியாங். அகன்ற அவரை இனத்துப் பருப்பையும் சிவப்பு மிளகாயையும் உப்போடு மண்சாடிகளில் இட்டு, வெயிலில் திறந்து, மழையில் மூடி, நாள்தோறும் கிளறி, ஓராண்டுக்கு மேல் புளிக்க விடுவார்கள். இளம் விழுது சிவப்பாக இருக்கும்; மூன்று ஆண்டு முதிர்ந்தது கறுப்பை எட்டும். முதிர்ந்ததில் மிளகாய் கத்துவதில்லை, பேசுகிறது. ஒன்றரைக் கிலோ இறைச்சிக்குக் குவித்து மூன்று மேசைக்கரண்டி எடுத்துப் பொடியாகக் கொத்தி, தாராளமான எண்ணெயில், தணிந்த சூட்டில் வதக்க வேண்டும். இந்தச் சில நிமிடங்களில்தான் சமையலே நடக்கிறது. சூடு கூடினால் விழுது கருகிக் கசக்கும். குறைந்தால் நிறம் இறங்காது. எண்ணெய் மெல்ல மெல்லச் சிவந்து விழுதிலிருந்து பிரிந்து நிற்கும்போது இஞ்சியும் உள்ளியும் வெங்காயத்தாளும் போகலாம். குழம்புக்குத் தாளிதத்தில் எண்ணெய் பிரியும்வரை வதக்குவதை அறிந்தவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் கை இந்த இடத்தில் மட்டும் பிறவிக் கை.

முழுச் சரக்குகளில் இரண்டு அன்னாசிப்பூ, ஒரு பெரிய கறுத்த ஏலக்காய், பிரிஞ்சி இலை, கறுவா, காய்ந்த தோடம்பழத் தோல். கறுவாவில் ஊர்ப் பெருமையைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்க வேண்டும். இலங்கைக் கறுவா மெல்லியது, மணம் நுண்மையானது, மூன்று மணி நேர வேக்காட்டில் காணாமல் போய்விடும். இங்கே முரட்டுச் சீனப் பட்டைதான் நின்று பிடிக்கும். கறுத்த ஏலக்காயில் சீன வகை வேறு, இந்திய வகை வேறு. புகையில் காய்ந்த இந்திய வகையைப் போட்டாலும் சூப் கோபிக்காது.

அடுத்தது சிச்சுவான் மிளகு. பெயரில் மிளகு இருந்தாலும் இது நம் மிளகுக்கு உறவில்லை. எலுமிச்சைக் குடும்பத்துப் பழத்தின் காய்ந்த தோல். கொங்கணக் கரையில் அயிலை மீன் கறிக்குப் போடுகிற திர்ஃபல் இதன் நெருங்கிய சொந்தம். நாக்கிலும் உதட்டிலும் ஒரு விறுவிறுப்பை, கிட்டத்தட்ட மரத்துப்போன நடுக்கத்தை இது எழுப்பும். 2013இல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் அந்த நடுக்கத்தை அளந்து, ஏறக்குறைய 50 ஹெர்ட்ஸ் அதிர்வாக உதடு அதை உணர்கிறது என்றார்கள். தொடுகையை அறியும் நரம்புகளைச் சான்சூல் என்ற பொருள் தட்டி எழுப்புகிறது. மரத்த நாக்கில் மிளகாயின் எரிப்பு வேறு மாதிரி இறங்கும். குத்தல் குறைந்து, சூடாகப் பரவும். அதனால்தான் சிச்சுவான் சமையலில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. வறுத்துப் பொடித்ததைக் கடைசியில் தூவுவதே எனக்குப் பிடிக்கும். வெகுநேரம் கொதித்தால் மணம் பறந்து கசப்பு மிஞ்சும்.

இறைச்சிக்கு முன்னங்கால் அல்லது பின்னங்காலின் கீழ்த்தசை. சூப்பர்மார்க்கெட்டில் எலும்போடு வட்டமாக அறுத்ததும் கிடைக்கும், ஆனால் இறைச்சிக்காரரிடம் கேட்டு முழுத்தசையாக வாங்குவது நல்லது. நோர்வேயின் மாட்டிறைச்சியில் பெரும்பகுதி பாலுக்கும் இறைச்சிக்கும் ஒன்றாக வளர்க்கப்படும் நோர்வீஜியச் சிவப்பு இனத்திலிருந்து வருகிறது. கொழுப்பு வரி ஓடிய ஜப்பானிய மாட்டோடு அது போட்டியிட வேண்டிய அவசியம் இங்கே இல்லை. இந்தச் சூப்புக்கு வேண்டியது கொழுப்பைவிட நரம்பும் சவ்வும். குளிர்ந்த தண்ணீரில் இட்டுக் கொதிக்கவைத்து, பொங்கும் அழுக்கைக் கழித்து, கழுவி எடுத்த பிறகே சரக்கோடு சேர்க்க வேண்டும். இதைச் சோம்பலில் விட்டவரின் சாற்றில் எத்தனை மது ஊற்றினாலும் இரத்த வாடை போகாது.

ஒஸ்லோ வீடுகளில் எரிவாயு அடுப்பு அரிது. மின்தகட்டில் வாணலிச் சமையலின் தீமணம் வரவே வராது என்று ஏங்குகிற சீனச் சமையல் பிரியர்கள் இந்தச் சூப்பில் ஆறுதல் தேடலாம். இதற்குத் தேவை பெருந்தீக்கு எதிரானது: விளிம்பில் மட்டும் ஒன்றிரண்டு குமிழி எழும்பும் சூடு, இரண்டரையிலிருந்து மூன்று மணி நேரம். சவ்விலுள்ள கொலாஜன் மெல்ல இளகி ஜெலட்டினாக மாறித்தான் சாறு உதட்டில் ஒட்டும். தளதளவென்று கொதித்தால் கொழுப்பு உடைந்து சாற்றோடு கலந்து, முதலில் சொன்ன தெளிவு கெட்டுப்போகும். டிசம்பரில் பிற்பகல் மூன்றரைக்குள் சூரியன் மறைந்துவிடும் இந்த நகரத்தில், அடுப்பு மூன்று மணி நேரம் எரிவதை யாரும் வீண் என்று சொல்வதில்லை.

பிறகு நகரமே ஓர் உதவி செய்கிறது. இறைச்சியைச் சாற்றிலேயே ஆறவிட்டு, மூடிய சட்டியை மாரிக்கால இரவில் வெராந்தாவில் வைத்தால் போதும். காலையில் மேலே செங்கல் நிறத்தில் கொழுப்பு உறைந்து ஏடாகக் கிடக்கும்; கீழே சாறு கட்டிப்பட்டிருக்கும். ஏட்டைத் தனியே எடுத்து வைத்தால் எந்தக் கிண்ணத்துக்கு எவ்வளவு உறைப்பு என்பதைக் கரண்டியால் அளக்கலாம். பிள்ளைகளுக்குக் குறைவு, மாமாவுக்கு இரட்டிப்பு. குளிர்ந்த இறைச்சியைக் கூரிய கத்தியால் தசைக்குக் குறுக்கே அறுத்தால் ஒவ்வொரு துண்டிலும் கண்ணாடி நரம்பு பூக்கோலமாகத் தெரியும். சூடாக அறுத்தால் நார் நாராகப் பிய்ந்துவிடும்.

சரக்கை முழுதாக விடும் நிதானத்தை நோர்வேக்காரரும் தம் வழியில் அறிந்தவர்களே. 1972இல் வானொலி நிகழ்ச்சி ஒன்றின் வழியாக நேயர்கள் தேசிய உணவாகத் தெரிந்தெடுத்து, 2014இல் மறுபடியும் உறுதியான ஃபோரிகோல் வேறென்ன? ஆட்டிறைச்சி, கோவா, முழுமிளகு, தண்ணீர். இடிக்காத மிளகு, அவசரமில்லாத தீ. நம்மவர் பலர் அதைச் சப்பென்று ஒதுக்குகிறார்கள். நான் அப்படி ஒதுக்கத் தயாரில்லை; இறைச்சியின் சுவையை மூடி மறைக்காத சமையல் அது. மாட்டிறைச்சி உண்ணாத வீடுகளில் இதே சூப்பை இலையுதிர்கால ஆட்டுக்காலில் வைக்கலாம். விழுதைக் கொஞ்சம் குறைத்து, நற்சீரகம் ஒரு கரண்டி கூட்டினால் வடமேற்குச் சீனத்தின் சாயல் தானாக வரும்.

அந்த வடமேற்கில் லான்ஜோ நகரத்து ஹூய் முஸ்லிம்களின் மாட்டிறைச்சி நூடுல்ஸ் வேறொரு சம்பிரதாயம். 1915இல் மா பாவோசி என்பவர் தொடங்கியதாகச் சொல்லப்படும் அந்தச் சாறு தெளிந்தது, மது சேராதது. மிளகாய் எண்ணெய் மேலே மட்டும். அங்கே மாவுக்கு ஒரு பாலைவனச் செடியின் சாம்பல் சேர்ப்பார்கள். சாம்பலின் காரம் மாவின் பசையை இறுக்கி, நூலாக இழுத்தாலும் அறாமல் வைக்கிறது, லேசான மஞ்சளும் தருகிறது. ஒஸ்லோவில் சாம்பலுக்கு எங்கே போவது? எந்தக் கடையிலும் கிடைக்கிற நாட்ரோன், அதாவது சமையல் சோடாவை, ஒரு தட்டில் பரப்பி 120 பாகை வெப்பப் போறணையில் ஒரு மணி நேரம் வைத்தால் சோடியம் கார்பனேட்டாக மாறும். அரைக் கிலோ மாவுக்கு ஒரு தேக்கரண்டி போதும். வெறுங்கையால் தொட வேண்டாம், தோலை அரிக்கும். காரநீரில் ஊறவைத்த காய்ந்த கோட் மீனை நத்தார் காலத்தில் லூட்டஃபிஸ்க் என்று ருசித்து உண்ணும் மக்களுக்கு இந்த வேதியியல் அந்நியமானதல்ல. மாவைத் தட்டி மடித்துக் கத்தியால் அறுத்தாலே அருமையான நூடுல்ஸ். கையால் இழுப்பது ஆண்டுக்கணக்கான பயிற்சி, வீட்டில் அதற்கு ஆசைப்பட வேண்டாம்.

நோர்வேயில் நூடுல்ஸ் என்றாலே பிள்ளைகள் வாயில் வருவது ‘மிஸ்டர் லீ’. கொரியப் போரில் காயப்பட்ட சிறுவனாக 1954இல் சிகிச்சைக்கு வந்து, இங்கேயே சமையல்காரராகி, 1989இல் பொதி நூடுல்ஸை விற்கத் தொடங்கிய சுல் ஹோ ரீயின் புனைபெயர் அது. 2018இல் அவர் மறைந்தார். அந்தப் பொதியை நான் இகழ மாட்டேன். நூடுல்ஸைத் தனியே உறிஞ்சிச் சத்தமிட்டுச் சாப்பிடும் பழக்கத்துக்கு ஒரு நாட்டையே தயார்செய்தது அது. வீட்டுச் சூப்புக்கு அதன் மாட்டிறைச்சிச் சுவையோடு போட்டியிடும் நிலை வந்தால்தான் தலைகுனிவு.

பரிமாறலில் ஒழுங்கு முக்கியம். நூடுல்ஸைச் சாற்றில் வேகவிடக் கூடாது, மாவுப்பசை சாற்றைக் குழப்பும். தனித் தண்ணீரில் வேகவைத்து உதறிச் சூடேற்றிய கிண்ணத்தில் இட்டு, கொதிக்கும் சாற்றை ஊற்றி, இறைச்சித் துண்டுகளை அடுக்கி, சிவப்பு எண்ணெயை விட்டு, வதக்கிய கடுகுக்கீரை ஊறுகாயையும் மல்லியிலையையும் மேலே போட்டு, சிச்சுவான் மிளகுப் பொடியைத் தூவி உடனே கொடுக்க வேண்டும். பேச்சுக்கு இடமில்லை, ஐந்து நிமிடத்தில் நூடுல்ஸ் ஊதிவிடும்.

தக்காளி போடலாமா என்ற வழக்கு மட்டும் தீரவில்லை. தைவானில் ஒரு கட்சி போடும், இன்னொரு கட்சி மூக்கைச் சுளிக்கும். ஒஸ்லோவின் மாரிக்காலத் தக்காளிக்குப் புளிப்பும் இல்லை, இனிப்பும் இல்லை. நான் போடுவதில்லை, புளிப்பு வேண்டியவருக்குக் கறுத்த அரிசி வினாகிரி மேசையில் இருக்கிறது. கோடையில் யாராவது தோட்டத்துத் தக்காளி கொண்டுவந்தால் அப்போது பேசிக்கொள்ளலாம்.