ஓணானுக்கு வேலி சாட்சி

ஆயுதச் சோதனைத் தளங்களைப் புதுப்பிப்பது பற்றிய செய்திகளை நீங்கள் படித்திருப்பீர்கள். அதிவேக ஒளிப்படக் கருவிகள், டாப்ளர் ராடார், கணிப்பொறி எனப் பட்டியல் நீளும். இவற்றை வாங்கி வைத்தால் தளம் நவீனமாகிவிடும் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. இது சரிதானா? அமெரிக்கக் கடற்படையின் ‘மார்க் 14’ டார்ப்பீடோவின் வரலாற்றைப் பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

டார்ப்பீடோ என்பது நீருக்குள் தானே ஓடிச் சென்று கப்பலைத் தாக்கும் குண்டு. அது ஓடவேண்டிய ஆழத்தை முன்கூட்டியே அமைத்துவிடுவார்கள். ஆழம் கூடினால் நீரின் அழுத்தமும் கூடும் அல்லவா? அந்த அழுத்தத்தை உணரும் கருவி, டார்ப்பீடோவை உரிய ஆழத்தில் நிறுத்தும்.

1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியது. மாலுமிகள் செலுத்திய டார்ப்பீடோக்கள் பல, எதிரிக் கப்பல்களுக்கு அடியில் புகுந்து வீணாகச் சென்றன. ஆழம் தவறு என்று அவர்கள் முறையிட்டார்கள். உயர் அலுவலகமோ, குறி தவறியது மாலுமிகளின் குற்றம் என்றது. 1942 ஜூனில் ஆஸ்திரேலியாவின் ஆல்பனி அருகே, அட்மிரல் லாக்வுட் கடலில் ஒரு மீன்வலையைத் தொங்கவிட்டு, அதை நோக்கி டார்ப்பீடோக்களைச் செலுத்தச் செய்தார். வலையில் விழுந்த ஓட்டைகள், அமைத்த ஆழத்தைவிடச் சராசரியாக 11 அடி கீழே இருந்தன!

அமெரிக்காவின் நியூபோர்ட் நிலையத்தில் இதே டார்ப்பீடோவைச் சோதித்தபோது, ஆழத்தைப் பதிவுசெய்யும் கருவி இருக்கத்தான் செய்தது. பின் தவறு ஏன் தெரியவில்லை? சோதனையில் பொருத்திய தலைப்பகுதி, போரில் பொருத்தும் வெடித்தலையைவிட எடை குறைந்தது. இது ஒரு காரணம். மற்றொன்று இயற்பியல் மாணவர்கள் கவனிக்க வேண்டியது. அழுத்தம் உணரும் கருவி, ஓடும்போது நீரின் அழுத்தம் குறைந்துவிடும் இடத்தில் அமைந்திருந்தது. எனவே டார்ப்பீடோ தான் மேலே இருப்பதாக ஏமாந்து கீழே இறங்கியது. பதிவுக் கருவியும் அதே வகையில் அமைந்திருந்ததால் அதே அளவு ஏமாந்தது. ஓணானுக்கு வேலி சாட்சி, வேலிக்கு ஓணான் சாட்சி!

வெடிக்கச் செய்யும் பொறியின் கதையும் இப்படித்தான். 1926-இல் ஒரு பழைய நீர்மூழ்கிக் கப்பலின் மீது இரண்டே முறை சோதித்தார்கள். முதல் முறை வெடிக்கவில்லை. பிறகு செலவுக்கு அஞ்சி உண்மையான வெடிப்புச் சோதனையையே கைவிட்டார்கள். ஒரு டார்ப்பீடோவின் விலை ஏறத்தாழ 10,000 டாலர். 1943 ஜூலை 24 அன்று ‘டினோசா’ நீர்மூழ்கிக் கப்பல் ஒரே எண்ணெய்க் கப்பல் மீது 15 டார்ப்பீடோக்களைச் செலுத்தியது. பெரும்பாலானவை மோதியும் வெடிக்கவில்லை. அதன் பின்னரே பேர்ள் துறைமுகத்தில், வெடிமருந்து இல்லாத தலைகளை 90 அடி உயரத்திலிருந்து எஃகுத் தகட்டின் மேல் போட்டுப் பார்த்தார்கள். நேராக மோதியபோது பத்துக்கு ஏழு பழுது. மோதலின் அதிர்ச்சியில் பொறியின் ஊசி உராய்ந்து சிக்கிக்கொண்டதே காரணம். எடை குறைந்த ஊசியைப் பொருத்தியதும் குறை தீர்ந்தது.

உண்மையைக் காட்டியவை ஒரு மீன்வலையும் ஒரு பாரந்தூக்கியுமே. புதிய கருவிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒடிசாவின் சண்டிப்பூர் தளத்தில் ஏவுகணை தன் நிலையை வானொலி அலைகளால் அறிவிக்கிறது. தரையிலிருந்து ராடாரும் ஒளியியல் கருவிகளும் அதைத் தனியே பின்தொடர்கின்றன. ஒன்றின் சொல்லை இன்னொன்று சரிபார்க்கிறது. நான் பாராட்டுவது இந்த ஏற்பாட்டைத்தான். கணிப்பொறிக் கணக்கு மட்டும் போதும், செலவு மிச்சம் என்போர் நியூபோர்ட்டை நினைக்கட்டும். கணிப்பொறிக்கு நாம் தவறாகச் சொல்லிக் கொடுத்தால் அதுவும் தவறாகவே விடை தரும்.

அடுத்த முறை ஒரு சோதனை வெற்றி என்று படிக்கும்போது, “எதைக் கொண்டு அளந்தார்கள்?” என்பதோடு நின்றுவிடாதீர்கள். “அந்தக் கருவியை எதைக் கொண்டு சரிபார்த்தார்கள்?” என்றும் கேளுங்கள். உங்கள் கல்லூரி ஆய்வகத்திலும் இதே கேள்வியைக் கேட்கலாம்.