ஆய்வாளர் தங்கிய தெரு: களஆய்வை எழுதுதல் குறித்து

களத்தில் திரட்டிய தரவுகளை ஆய்வேடாக எழுதத் தொடங்கும்போதுதான் புதிய ஆய்வாளர் பெரிதும் இடர்ப்படுகிறார். தரவு திரட்டும் முறைகளைப் பேசுமளவுக்கு, திரட்டியதை எழுதும் முறையை நாம் பேசுவதில்லை. இவ்வகையில் ஆந்த்ரே பெத்தேலின் 'காஸ்ட், கிளாஸ் அண்ட் பவர்' (1965) என்னும் ஆங்கில நூல் தமிழாய்வாளர்களின் மறுவாசிப்புக்கு உரியது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் எம். என். சீனிவாஸின் வழிகாட்டலில், தஞ்சை மாவட்டச் சிற்றூர் ஒன்றை ஆராய்ந்து அவர் எழுதிய முனைவர்பட்ட ஆய்வே இந்நூலாயிற்று. ஊருக்கு 'ஸ்ரீபுரம்' எனப் புனைபெயரிட்டார்.

பிராமணரல்லாத பெத்தேல் அக்கிரகாரத்து வீடொன்றில் தங்கினார். ஏனைய தெருக்களின் மக்கள் அவரையும் வடநாட்டுப் பிராமணர் என்றே கொண்டனர். ஆதலின் பிராமணரல்லாதார், ஆதிதிராவிடர் குறித்துத் தாம் திரட்டிய தரவுகள் தரத்தில் குறைந்தவை என்று அறிமுக இயலிலேயே எழுதிவிடுகிறார். முதல் ஆய்வை எழுதும் ஒருவரிடம் இந்நேர்மை அரிது. எனினும் அறிமுகத்தில் கூறிய இவ்வேறுபாடு பின்வரும் இயல்களின் நடையில் போதிய அளவு புலப்படவில்லை. எல்லாத் தெருக்களையும் ஏறத்தாழ ஒரே உறுதியான குரலே விவரிக்கிறது. அக்கிரகாரமும் சேரியும் விலகி நிற்கும் ஊரமைப்பையே சமூக இடைவெளியின் சான்றாகக் காட்டும் நூலில், ஆய்வாளர் தங்கிய தெருவும் தரவாக எண்ணப்பட்டிருக்க வேண்டும். களஅனுபவத்தை அவர் விரிவாகப் பேசியது, டி. என். மதனுடன் இணைந்து 1975இல் பதிப்பித்த கட்டுரைத் தொகுப்பிலேயாகும்.

சீனிவாஸின் அனுபவம் வேறு. இராம்புராவில் 1948இல் அவர் செய்த களஆய்வின் செப்பமிட்ட குறிப்புகள் 1970இல் ஸ்டான்ஃபோர்டில் தீக்கிரையாயின. பெரிதும் நினைவைக்கொண்டு எழுதிய 'தி ரிமெம்பர்ட் வில்லேஜ்' 1976இல் வெளிவந்தது. அதில் ஆய்வாளர் ஒளிந்துகொள்ள இடமில்லை. (இதனை முன்மாதிரியாகக் கொண்டு குறிப்பெடுப்பதையே கைவிடும் துணிவு மாணவர்க்கு வேண்டா.)

நம் துறைகளின் நாட்டார் வழக்காற்று ஆய்வேடுகள் பலவற்றில் 'நேர்காணல் வழித் தரவுகள் பெறப்பட்டன' என்னும் ஒரு தொடரோடு களம் முடிந்துவிடுகிறது. தகவலாளர் பட்டியல் பின்னிணைப்புக்குப் போய்விடுகிறது. பாட்டைச் சொன்னவர் யார் முன்னிலையில், எவ்விடத்தில், எதனைத் தவிர்த்துச் சொன்னார் என்பது இயலுக்குள் வருவதேயில்லை. 'பெறப்பட்டன' என்னும் செயப்பாட்டுவினை, கேட்டவரையும் சொன்னவரையும் ஒருங்கே மறைக்கிறது.

தில்லித் தமிழரை ஆராய்வோர்க்கு இச்சிக்கல் இன்று இன்னும் கூர்மையானது. ஜங்புராவின் மதராசி கேம்ப் 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. அங்கு வாழ்ந்தவர்களுள் மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றோர்க்கு நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில் இடம் ஒதுக்கப்பட்டது. தகுதி மறுக்கப்பட்டோரும் பலர். அவர்களுடைய தாலாட்டையோ ஊர்நினைவையோ பதிவுசெய்யும் மாணவர், அது நரேலா அடுக்ககத்தில் கேட்டதா, பழைய இடத்தருகே எடுத்த வாடகை அறையில் கேட்டதா, வந்தவரை அரசுக் கணக்கெடுப்பாளர் எனச் சொன்னவர் ஐயுற்றாரா என்பவற்றை அந்தந்தப் பாடலின் கீழேயே எழுதுதல் வேண்டும்.