பட்டையை மட்டும் பார்த்தால் போதுமா?

போன்சாய்க் கலையில் பட்டைதான் மரத்தின் வயதுச் சான்று. சாதாரண ஜப்பானியக் கறுப்புப் பைனில் பட்டை வெடித்துக் கரடுமுரடாகப் பல ஆண்டுகள் ஆகும். அந்தக் காத்திருப்பைக் குறைப்பதுதான் அதன் 'நிஷிகி' வகையின் கவர்ச்சி. இளம் வயதிலேயே தக்கை தடித்து, பாளம் பாளமாகப் பிளந்து நிற்கும். முதல் பார்வையில் மயங்காதவர் அரிது.

சிக்கல் அடியில் இருக்கிறது. பைன் குச்சி எளிதில் வேர்விடாது. ஆகவே நிஷிகியைப் பெரும்பாலும் சாதாரணக் கறுப்புப் பைன் நாற்றில்தான் ஒட்டுக்கட்டுகிறார்கள். ஒட்டுக்கு மேலே தக்கை ஆண்டுக்காண்டு பெருக்கும். கீழே வேர்ச்செடி தன் போக்கில் மெல்ல வளரும். அடி பெருத்து மேலே சிறுக்க வேண்டிய தண்டு தலைகீழாகிவிடும். போன்சாயில் இதைவிடக் கண்ணை உறுத்தும் குறை வேறில்லை. (விற்பவர் தொட்டியை எந்தப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார் என்று கவனியுங்கள்.) வேர் பிரியும் இடத்தை ஒட்டி, மிகத் தாழ்வாக ஒட்டியிருந்தால் மட்டுமே குறை மறையும்.

பராமரிப்பும் லேசானதல்ல. கம்பி சுற்றினால் தக்கை உதிரும். உதிர்ந்த இடம் வழுக்கையாகத் தெரியும். வளைவு வேண்டுமென்றால் தக்கை கட்டுவதற்கு முன்பே வளைத்துவிட வேண்டும், பிறகு கத்தரிதான். கோடைத் தொடக்கத்தில் இளந்தளிரைக் கிள்ளி, இரண்டாம் தளிரில் குட்டை ஊசியிலைகளை வரவழைப்பது கறுப்புப் பைனின் பெரிய வசதி. வீரியம் குறைந்த நிஷிகியில் அதை ஆண்டுதோறும் செய்தால் கிளைகள் காய்ந்துபோகும்.

பட்டை அழகுக்குப் பெயர்பெற்ற இன்னொன்று சீனத்து வெண்பட்டைப் பைன். பெய்ஜிங் ஜியெத்தாய் கோயிலின் 'ஒன்பது நாகப் பைன்' இந்த இனமே. செதில் செதிலாக உரிந்து பச்சையும் வெள்ளையும் ஊதாவும் காட்டும். ஆனால் அந்த நிறங்கள் தண்டு பருத்து முதிர்ந்த பிறகே துலங்கும். மும்மூன்றாக வரும் ஊசியிலைகளோ 5 முதல் 10 செ.மீ. நீளம். ஆண்டுக்கு ஒரே தளிர் என்பதால் கிள்ளிக் குறுக்கும் உத்தியும் பலிக்காது. கோயில் முற்றத்துக்கு அது ராஜா. தொட்டிக்கு வேண்டாம் என்றே சொல்வேன்.

நிஷிகியை அப்படி ஒதுக்க மாட்டேன். ஒட்டு மண்ணை ஒட்டி அமைந்து, தண்டோடு கிளைகளிலும் தக்கை ஏறியிருந்தால் விலைக்குத் தகும். தண்டின் நடுவே ஒட்டு புடைத்திருந்தால், மேலே எவ்வளவு அழகான பட்டை இருந்தாலும் அதே காசுக்கு நல்ல அடிவேர் விரிந்த சாதாரணக் கறுப்புப் பைனையே வாங்கலாம்.