98 மைலில் உறைந்துபோன ஓர் இடதுகை

1992-ல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட பேஸ்பால் அட்டைகளில் இளம் பிட்ச்சர் பிரையன் டெய்லருக்கும் ஒன்று உண்டு. அன்று சிறுவர்களாக இருந்த நியூயார்க் யாங்கீஸ் ரசிகர்கள் பலர் அதை பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரப்படுத்தினார்கள். பின்னாளில் நல்ல விலை போகும் என்று நம்பிக்கை. இன்று அது சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். ஆனால் பேச்சு அவர் பக்கம் திரும்பினால் போதும், அந்தத் தலைமுறை ஒரே குரலில் சொல்லும்: "அந்தச் சண்டை மட்டும் நடக்காம இருந்திருந்தா..."

1990-ல் யாங்கீஸ் 67 ஆட்டங்களில் வென்று 95-ல் தோற்றது. அவ்வளவு மோசமாக ஆடியதற்குக் கிடைத்த ஒரே ஆறுதல், அடுத்த ஆண்டு டிராஃப்டில் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. வட கரோலினாவின் போஃபர்ட் என்ற கடற்கரை ஊரில் பள்ளி மாணவரான டெய்லர் 88 இன்னிங்ஸில் 213 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்திருந்தார். 88 இன்னிங்ஸ் என்றால் 264 அவுட். ஐந்தில் நான்கு பேரை ஃபீல்டர்களின் உதவியே இல்லாமல் அனுப்பியிருக்கிறார்! வேகம் மணிக்கு 98, 99 மைல். எத்தனையோ வீரர்களைப் பார்த்த ஏஜென்ட் ஸ்காட் போராஸ், தான் பார்த்த பள்ளிப் பிட்ச்சர்களிலேயே சிறந்தவர் இவர்தான் என்று பல ஆண்டுகள் கழித்தும் சொன்னார்.

அவரையே தேர்ந்தெடுத்த கிளப் முதலில் பேசியது 3 லட்சம் டாலர். நண்டுச் சதை எடுக்கும் ஆலையில் வேலை பார்த்த அம்மா மசியவில்லை. முந்தைய ஆண்டு டாட் வான் பாப்பல் என்ற பள்ளிப் பிட்ச்சருக்கு ஓக்லாந்து 12 லட்சம் கொடுத்திருக்கிறதே, என் மகன் எந்த விதத்தில் குறைந்துபோனான் என்பது அவர் கேள்வி. கல்லூரி வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய நாள், 15.5 லட்சத்துக்கு ஒப்பந்தம் முடிந்தது. கேட்கத் தெரிந்த தாய்.

இனி ரசிகர்களின் நினைவு தாண்டிப்போகும் இடத்துக்கு வருவோம். 1992-ல், மைனர் லீக்கின் ஹை-ஏ நிலையில், 161 இன்னிங்ஸுக்கு 187 ஸ்ட்ரைக்அவுட், 66 வாக். 1993-ல் ஒரு படி மேலே, டபுள்-ஏ-யில், 163 இன்னிங்ஸுக்கு 150 ஸ்ட்ரைக்அவுட், 102 வாக். வாக் என்பது, பந்துகளை இலக்குக்கு வெளியே வீசி எதிரணிக்காரரை இலவசமாக முதல் பேஸுக்கு அனுப்புவது. 13 வெற்றி, 7 தோல்வி என்ற கணக்கு நன்றாகத்தான் இருந்தது. 21 வயதுக்கு அது நல்ல ஆண்டும்கூட. ஆனால் நல்ல பேட்டர்கள் எதிரே நின்றதும் ஸ்ட்ரைக்அவுட் குறைந்து வாக் ஏறியது. முதல் பேஸுக்கு எறியும் முறையைச் சரிசெய்ய இலையுதிர்காலப் பயிற்சி முகாமுக்கு வரும்படி கிளப் கேட்டது. அவர் மறுத்துவிட்டு ஊருக்குப் போனார்.

அந்த டிசம்பரில், சகோதரருக்காக ஒரு சண்டையில் இறங்கி, இடது தோள் கிழிந்தது. புகழ்பெற்ற மருத்துவர் ஃபிராங்க் ஜோப் அறுவை செய்தார். 1994 முழுக்க ஓய்வு. திரும்பி வந்தபோது வேகமும் இல்லை, பந்து போகும் திசையும் கையில் இல்லை. 1996-ல் 16 இன்னிங்ஸ் சொச்சத்தில் 43 வாக். அந்த வரியைப் படிக்கவே சங்கடமாக இருக்கிறது.

சண்டை நடக்காமல் இருந்திருந்தால்? உறுதியாக மகத்தானவர் ஆகியிருப்பார் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த வான் பாப்பலையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் மேஜர் லீக்கில் 11 பருவங்கள் ஆடி, 40 வென்று 52 தோற்றார். அவரும் பள்ளியில் புயல்தான். அவரை நினைத்து யாரும் பெருமூச்சு விடுவதில்லை. ஆடிக் காட்டிவிட்டார் அல்லவா, கற்பனைக்கு இடமில்லை. டெய்லர் மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட வீசவில்லை. அதனால் ரசிகர் மனத்தில் அவர் இன்னும் 98 மைலில் வீசிக்கொண்டிருக்கிறார்.

இந்த நினைவில் கசப்பு இல்லாததற்கும் காரணம் உண்டு. டெய்லருக்காக ஒதுக்கிவைத்த இடத்தில், டிராஃப்டின் 22-ஆவது சுற்றில் எடுக்கப்பட்ட இன்னொரு இடதுகைக்காரர் வந்து உட்கார்ந்தார்: ஆண்டி பெட்டிட். 1996-லேயே உலகத் தொடர் கோப்பையும் வந்துவிட்டது. யாங்கீஸ் தொடர்ந்து தோற்றிருந்தால் டெய்லரின் பெயரை இவ்வளவு வாஞ்சையோடு சொல்வார்களா, சந்தேகம்தான்.

யாங்கீஸ் 1998-ல் டெய்லரை விடுவித்தது. 2000-ல் கிளீவ்லாந்தின் மைனர் லீக் அணி ஒன்றுக்காகக் கடைசியாக ஆடினார்: 3 இன்னிங்ஸ்கூட முழுதாக வீசவில்லை, 9 வாக். பிறகு ஊரில் அப்பாவோடு செங்கல் அடுக்கும் வேலை. அந்த 2000-ஆம் ஆண்டு அக்டோபரில், நியூயார்க் மெட்ஸுக்கு எதிரான உலகத் தொடரின் முதல் ஆட்டத்தை யாங்கீஸுக்காகத் தொடங்கி வைத்தவர் பெட்டிட். டெய்லரைவிட ஆறு மாதம் இளையவர்.